ஏரிக்கரையில் ஒன்பது சிவப்புத் துணி

நீர்கட்டி கருப்பனுக்கு ஒரு அடி நிலம்கூடச் சொந்தமில்லை. அதனால்தான் இருநூறு ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் விடும் வேலை அவருக்குக் கிடைத்தது. நிலம் இருப்பவன் கையில் மதகைக் கொடுத்தால் அவன் முதலில் தன் வயலைத்தான் பார்ப்பான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எந்தக் காலத்திலோ முடிவு கட்டி வைத்திருந்தார்கள்.

பாலசமுத்திரத்திலிருந்து ஒரு நாழிகை நடை. மலை அடிவாரத்தில் கங்கையம்மன் ஏரி. அதற்கு வடக்கே ஒரு மதகு, தெற்கே ஒரு மதகு. வடக்கு மதகுத் தண்ணீர் பண்டப்பள்ளி வயல்களுக்கு. தெற்கு மதகுத் தண்ணீர் புதுக்கண்டிகைக்கு. பண்டப்பள்ளிக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், புதுக்கண்டிகைக்காரர்கள் தமிழ். அதுவும் பெயருக்குத்தான். கண்டிகைக்காரர் மாட்டை அதட்டுவது தெலுங்கில். பண்டப்பள்ளிப் பெண்கள் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது தமிழில். எந்தத் துக்கத்துக்கு எந்த மொழி என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

இரண்டு மதகுக்கும் நடுவில், கரையின் சரிவில், கருப்பனின் குடிசை. அவருடைய கை திறந்துவிட்ட தண்ணீர்தான் எல்லா வயலுக்கும் போயிற்று. எல்லாச் சோறும் அதில்தான் விளைந்தது. ஆனால் அதே கை இரண்டு ஊரில் எந்த வீட்டுக் குடத்தையும் தொடக் கூடாது. சேரியில் பிறந்தவர். தாகம் எடுத்தால் ஏரிக்கரையில் குனிந்து, மாடு குடிக்கும் இடத்தில் குடிப்பார். இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. அவருக்குக் கூசியதாகத் தெரியவில்லை. "ஏரியே நம்முள்து, கொடம் எதுக்கு?" என்று சிரிப்பாராம்.

அவர் மனைவி மணியம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. "இளிச்சிக்கினே இரு. செத்தா ஒன்ன அந்த ஏரியிலயே போடறேன்" என்பாள்.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கங்கையம்மனுக்குச் சாற்றிய சிவப்புச் சேலையைப் பூசாரி முழநீளத் துண்டுகளாகக் கிழித்து நீர்கட்டியிடம் கொடுப்பார். எந்த மதகை மூடி வைக்க வேண்டுமோ அதன் மேல் ஒரு கம்பு நட்டு அந்தத் துணியைக் கட்டிவிட்டால் அது அம்மன் ஆணை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து பேசி அவிழ்க்கும்வரை அந்த மதகை எவனும் தொட மாட்டான். இருபது வருஷத்தில் கருப்பன் மூன்று முறைதான் அந்தத் துணியைக் கட்டினார். மூன்று முறையும் ஒரே ஒரு துணி. அந்த ஒரு துணியைப் பார்த்து இரண்டு ஊரும் பயந்தது.

இடையில் மூன்று வருஷம் அவர் ஊரில் இல்லை. நாற்பத்து மூன்றில், கோழி கூவும் நேரத்தில், மணியம்மாவிடம்கூடச் சொல்லாமல் பட்டாளத்துக் கூலியாட்கள் பிரிவில் சேர்ந்து அசாம் பக்கம் போய்விட்டார். அவருக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை. மண்வெட்டி கொடுத்தார்கள். பாதை வெட்டினார், பள்ளம் வெட்டினார், கடைசியில் குழி வெட்டினார். ஒரு மொட்டைக் குன்றுக்காகப் பதினோரு நாள் சண்டை நடந்தது. அதில் செத்த இரு பக்கத்து ஆட்களையும் புதைத்தது கருப்பனின் கூட்டம்தான். புதைத்து முடித்த மறுநாள் இரண்டு படையும் அந்தக் குன்றை விட்டுவிட்டு வேறு பக்கம் போயிற்று.

கருப்பனால் தாங்க முடியவில்லை. சித்தூர்க்காரரான ஹவில்தார் சிவசங்கரனிடம் கேட்டார். "அந்தக் குன்னுல இன்னாதான் இருந்துச்சு சார்?"

"ஒண்ணும் இல்ல. அவன் பிடிச்சிடுவான்னு நாம போனோம். நாம பிடிச்சிடுவோம்னு அவன் வந்தான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போய் வேலையப் பாரு."

இத்தனை பிணத்துக்கு இவ்வளவு சின்னக் காரணம் இருக்க முடியுமா? ஹவில்தார் தன்னைக் கூலிக்காரன் என்று கேலி செய்கிறார் என்றே கருப்பன் நினைத்தார். பெரிய மனிதர்களுக்குத் தெரிந்த பெரிய காரணம் ஒன்று இருக்கும், நமக்குச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தார். அந்தக் காரணம் தெரியாமலே திரும்பி வந்து மறுபடி மதகில் நின்றார்.

ஐம்பத்து மூன்றில் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதோடு போயிற்று. அன்றிலிருந்து எல்லைப் பேச்சு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று புத்தூர் பஸ்ஸில் பேச்சு, நகரிச் சந்தையில் பேச்சு. கோடு கங்கையம்மன் ஏரிக்கரை மேலேயே வரும் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் ஏரி யாருக்கு? பண்டப்பள்ளியில் "அரவக்காரர்கள் ஏரியைக் கொண்டுபோய்விடுவார்கள்" என்று தமிழர்களைச் சொன்னார்கள். கண்டிகையில் "தெலுங்குக்காரர்கள் மதகை அடைத்துவிடுவார்கள்" என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் அதே வாரம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் சாப்பிட்டவர்கள்.

பண்டப்பள்ளி கங்கையாவையும் புதுக்கண்டிகை முனிகிருஷ்ணனையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஒரே ஒரு மாடு. கங்கையாவின் மாடு வெள்ளை. முனிகிருஷ்ணனின் மாடு செவலை. இரண்டையும் ஒரு நுகத்தில் பூட்டி முதலில் ஒருவர் வயலை உழுவார்கள், பிறகு மற்றவர் வயலை. பதினைந்து வருஷமாக அந்த ஏர் அப்படித்தான் ஓடியது. வேறு மாட்டோடு பூட்டினால் அந்தச் செவலை நடக்கவே நடக்காது. ஒருவரை ஒருவர் 'பாவா' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். தெலுங்கில் அது மச்சான் முறை. அவரவர் ஊரில் இருவர் சொல்லும் எடுபடும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். நெல் பால் பிடித்து நின்ற நேரம். ஏரியில் தண்ணீர் மதகுத் தூணின் மூன்றாம் கோட்டில் நின்றது. பயிருக்கு இன்னும் மூன்று பாய்ச்சல் வேண்டும். மூன்று பாய்ச்சலுக்குத்தான் தண்ணீர் இருந்தது. ஒரு குடம்கூட வீணாகக் கூடாது.

அன்று விடிந்ததும், வயலுக்கு யாரும் வருமுன், ஜீப்பில் சர்வேக்காரர்கள் வந்தார்கள். கரை மேல் வடக்கிலிருந்து தெற்கே கொடி நட்டு அளக்க வேண்டுமாம். கொண்டுவந்த கொடிகளில் மூன்றுதான் முழுசாக இருந்தன, மற்றவை கிழிந்து போயிருந்தன.

"ஏதாவது சிவப்புத் துணி கிடைக்குமா?" என்று சர்வேயர் கேட்டார்.

கருப்பன் யோசிக்கவில்லை. சர்க்கார் கேட்கிறது! குடிசைக்குள் போய், மூங்கில் குழாயில் சுருட்டி வைத்திருந்த அம்மன் துணிகளை எடுத்தார்.

மணியம்மா குறுக்கே நின்றாள். "யோவ், அது அம்மன் துணிய்யா."

"சர்க்கார் வேலைடி."

"அம்மனவிட ஒன் சர்க்கார் பெரிசா?"

"சாயந்தரம் திருப்பி வாங்கிக்கலாம். நகரு."

ஆறு துணி கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல் அவரே குழி தோண்டி, அவரே கம்பு நட்டு, அவரே கட்டினார். அவர் கட்டும் முடிச்சு இரண்டு ஊருக்கும் தெரிந்த முடிச்சு. மொத்தம் ஒன்பது சிவப்புத் துணிகள் கரையில் ஆடின. அவற்றில் இரண்டு தெற்கு மதகின் தலைமாட்டிலேயே நின்றன. பிறகு சர்வேச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு சர்வேக்காரர்களோடு மலைக்கு அந்தப் பக்கம் போனார்.

இருபது வருஷமாகச் சண்டை வராமல் காத்தவர், தன் கையாலேயே சண்டையை நட்டுவிட்டுப் போனார்.

முதலில் பார்த்தது முனிகிருஷ்ணனின் மனைவி சுலோசனா. வயலுக்குக் கூழ் கொண்டுவந்தவள் கரையை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு துணிக்கே பயப்படும் ஊரில் ஒன்பது! கூழ்ப்பானையை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

முனிகிருஷ்ணன் நம்பவில்லை. தானே கரை ஏறிப் பார்த்தார். அம்மன் துணி. கருப்பனின் முடிச்சு. புது மண். கருப்பனைக் காணோம். மணியம்மாவும் புத்தூர் சாலையில் விறகு பொறுக்கப் போயிருந்தாள். பெரியவர்கள் கூடவில்லை, பேசவில்லை. அப்படியானால் பண்டப்பள்ளிக்காரர்கள் தனியாக முடிவு செய்து கருப்பனைக் கொண்டு கட்ட வைத்திருக்கிறார்கள். எல்லை வருவதற்குள் ஏரியைப் பிடிக்கிறார்கள். வேறு என்ன நினைப்பார்? அவர் கெட்டவர் அல்ல. பத்து ஆட்களைத் தெற்கு மதகுக்கு அனுப்பினார். அடிக்க அல்ல, காவலுக்கு. வயலிலிருந்து வந்தவர்கள் கையில் இருந்த மண்வெட்டியோடு வந்தார்கள்.

பண்டப்பள்ளியில் என்ன தெரிந்தது? கரையில் சிவப்புத் துணிகள். நடுவில் மண்வெட்டியோடு பத்துக் கண்டிகைக்காரர்கள். அவர்கள்தான் கட்டியிருக்கிறார்கள், அடுத்து வடக்கு மதகை அடைக்க வருவார்கள்! கங்கையாவும் கெட்டவர் அல்ல. இருபது பேரை அனுப்பினார். அவர்களும் காவலுக்குத்தான்.

இருபதைப் பார்த்து இங்கே நாற்பது. நாற்பதைப் பார்த்து அங்கே எண்பது. வாசகர்களே, இதில் எந்த இடத்தில் ஒருவனைப் பிடித்து "நீதான் குற்றவாளி" என்று சொல்வீர்கள்? நான் பலமுறை யோசித்துவிட்டேன், என்னால் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து உண்மையில் எல்லைக்கோடு போட்டபோது அது அந்த ஏரிக்குப் பல மைல் தள்ளிப் போயிற்று. அந்த ஒன்பது கொடிகளால் யாருக்கும் ஒரு பயனும் இருக்கவில்லை. ஆனால் அன்று உச்சி வேளைக்குள் இருநூறுக்கு மேற்பட்ட ஆண்கள் கரை மேல் நின்றார்கள்.

கருப்பன் மலையைச் சுற்றிக்கொண்டு திரும்பியது அந்த நேரத்தில்தான். சர்வேக்காரர்கள் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து கரையைப் பார்த்தவருக்கு முதலில் புரியவில்லை. திருவிழாவோ என்று நினைத்தார். அடுத்த கணம் சத்தம் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன் மொட்டைக் குன்றின் அடியில் கேட்டிருக்கிறார். தமிழுமில்லை, தெலுங்குமில்லை, அதில் ஒரு சொல்லும் இல்லை.

குடிசை வாசலில் மணியம்மா தலையில் கை வைத்து நின்றாள். "பாத்தியா ஒன் சர்க்கார் வேலைய! தேடிக்கினு கீறாங்க ஒன்ன. போவாத!"

போனார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த நாற்பது அடி வெற்றிடத்தில் போய் நின்றார். எல்லா முகமும் தெரிந்த முகம். நேற்று "கருப்பா, நம்ம வயல மறந்துடாதடா" என்று கெஞ்சிய முகங்கள். இன்று அவற்றில் ஒருவரையும் தனியாக அடையாளம் காண முடியவில்லை. எல்லோருக்கும் ஒரே கண், ஒரே வாய். அவருக்கு வந்தது பயம் மட்டும் அல்ல. கோயில் கர்ப்பக்கிரகத்தின் இருட்டில் திடீரென்று தீபம் காட்டும்போது வரும் மலைப்பு போல ஒன்று. எவ்வளவு பெரியது இது! எங்கே இருந்தது இத்தனை நாளும்?

"நைனா! சாமி! நான்தான் கட்டினேன்!" என்று கத்தினார். "சர்வேக்காரங்க கொடி கேட்டாங்க. கொடுத்தேன். மதகுக்கு இல்ல, அளக்கறதுக்கு!"

ஓடிப்போய் ஒரு கொடியைப் பிடுங்கிக் காட்டினார்.

"எவ்ளோடா குடுத்தாங்க ஒனக்கு பண்டப்பள்ளில?" என்று கண்டிகைப் பக்கமிருந்து ஒரு குரல்.

"இல்ல சாமி, சர்வேக்காரங்க..."

"எந்த சர்வேக்காரன்? எங்க கீறான்? காட்டு பாக்கலாம்!"

வடக்கிலிருந்து கங்கையா கத்தினார். "ஒரேய் கருப்பா! நுவ்வு கூடவாடா, நீயுமா? அவங்க சொன்னா அம்மன் துணியக்கூட கட்டுவியா? இப்ப மாட்டிக்கினதும் புடுங்கறியா?"

"பாவாவக் கேளுங்க நைனா, அவரு ஒங்க பாவா..."

"யாருக்கு யாருடா பாவா?" என்றார் முனிகிருஷ்ணன். அந்தச் சொல் வாயை விட்டு வந்ததும் அவரே ஒரு கணம் திடுக்கிட்டது போல் நின்றார். ஆனால் பின்னாலிருந்து கூட்டம் ஆரவாரம் செய்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது. கையில் சாட்சியும் இருக்கிறது. ஆனால் அந்த உண்மை நுழைய அங்கே ஒரு காதும் திறந்திருக்கவில்லை. அப்போது ஒரு கல் வந்தது. கருப்பனின் நெற்றியில் பட்டு ரத்தம் கண்ணை மறைத்தது. எந்தப் பக்கத்துக் கல் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை.

கரைச் சரிவில் உருண்டவரை மணியம்மா தாங்கிப் பிடித்தாள். மேலே முதல் வரிசைகள் நகரத் தொடங்கின. நாற்பது அடி முப்பதாயிற்று.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கருப்பன் மேலே பார்த்தார். அந்தப் பக்கம் ஏன் வந்தார்கள்? இவர்கள் வருவார்கள் என்று. இவர்கள் ஏன் வந்தார்கள்? அவர்கள் வருவார்கள் என்று. ஹவில்தார் கேலி செய்யவில்லை! அந்தக் குன்றிலும் இவ்வளவுதான். பெரிய மனிதர்கள் ஒளித்து வைத்த காரணம் ஒன்றும் இல்லை. தண்ணீருக்காகவும் அல்ல, மொழிக்காகவும் அல்ல. அவன் செய்துவிடுவான் என்ற நினைப்பு ஒன்றுதான். அந்த நினைப்புக்கு எதிராளியின் முகம் மட்டும் போதும், அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கருப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தானே நட்ட விதையின் மரத்தை, அது வானத்தை மறைத்து நின்ற பிறகுதான் பார்க்கிறார்.

சொல்லால் அந்த முகங்களைத் திருப்ப முடியாது. வேறு எதனால் முடியும்? விவசாயி எதைக் கண்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவான்?

"மணி, வடக்கு மதகுக்குப் போ."

"நானா?"

"கடப்பாறையால அடைப்புக்கட்டைய அடிச்சித் தள்ளு. நான் தெக்கால போறேன். ரெண்டும் ஒரே நேரத்துல தொறக்கணும். ஒண்ணு மட்டும் தொறந்தா கொலை வுழும்."

மணியம்மாவின் முகம் வெளுத்தது. பெண் மதகைத் தொடுவதா? தொட்டால் ஏரி வற்றும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நீர்கட்டியின் மனைவியாக இருபது வருஷம் அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தும் அவள் நிழல்கூட மதகின் மேல் விழுந்ததில்லை.

"தண்ணி பூரா போயிடுமேய்யா! மூணு பாய்ச்சலுக்குத்தான் கீதுன்னு நீதானே சொன்ன?"

"போட்டும்டி. ஆளு இருந்தாத்தானே அறுப்பு?"

அவள் அவரை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாறையை எடுத்துக்கொண்டு, கரைக்குக் கீழாகவே வடக்கே ஓடினாள். கருப்பன் உலக்கைக் கட்டை ஒன்றோடு தெற்கே ஓடினார்.

கழுத்தளவுத் தண்ணீர். மதகின் வாயில் செருகிய மரக்கட்டை வருஷக்கணக்காக ஊறி இறுகியது. வழக்கமாக அதை மெல்ல அசைத்து ஒரு விரற்கடை மட்டும் நகர்த்துவார். அன்று மூச்சைப் பிடித்து மூழ்கி ஓங்கி அடித்தார். அம்மா கங்கம்மா, மன்னிச்சிடு. இரண்டாவது அடி. மன்னிச்சிடு. மூன்றாவதில் கட்டை பிடுங்கிக்கொண்டது. ஏரி ஒரு மிருகம் போல உறுமியபடி மதகுக்குள் பாய்ந்தது. அந்த இழுப்பில் போகாமல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வடக்கே காது கொடுத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. மேலே யாரோ "கொல்றா!" என்றான்.

பிறகு கேட்டது. வடக்கு மதகும் உறுமியது.

கூட்டத்தில் முதலில் திரும்பியவர் யார் என்று தெரியாது. "தண்ணி!" என்று ஒரு குரல். "நீள்ளு! நீள்ளு ஒச்சேசிந்தி!" என்று மற்றப் பக்கம் ஒரு குரல். இருநூறு தலைகளும் ஒரே நேரத்தில் கரைக்குக் கீழே திரும்பின. இரண்டு வாய்க்காலிலும் ஆள் உயரத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வயல்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பால் பிடித்த நெல்! வரப்பு உடைந்தால் தலைமாட்டு வயல் சாய்ந்துவிடும், கடைமடைக்கு ஒரு சொட்டும் போகாமல் எல்லாம் ஓடையில் கலக்கும். இன்னும் கால் நாழிகைக்குள் அவனவன் வயலில் அவனவன் நின்று வெட்டி விட வேண்டியதை வெட்டி, கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும்.

"என் வயலு! ஐயோ என் வயலு!"

கருப்பன் நீருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். அந்தக் காட்சியைப் பிற்பாடு சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தணிந்துவிடுமாம், சாமியைப் பற்றிப் பேசுவது போல. ஒரே மிருகமாக நின்றது இருநூறு மனிதர்களாக உடைந்து சரிவில் ஓடியது. முகங்கள் திரும்பி வந்தன. இவன் கோவிந்தன், அவன் நரசய்யா, அதோ மூக்கன் என்று பெயர் பெயராகத் தெரிந்தார்கள். எதிராளியின் மண்டைக்காக ஓங்கிய மண்வெட்டி சேற்றைக் கொத்தியது. கரை மேல் காற்றில் ஆடும் சிவப்புத் துணிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்று மாலைவரை இரண்டு ஊரும் தலை நிமிரவில்லை. ஓடிய தண்ணீரின் வேகத்தில் மதகை யாராலும் அடைக்க முடியவில்லை. மூன்றாம் கோட்டில் நின்ற தண்ணீர் மறுநாள் காலை முதல் கோட்டுக்கு வந்துவிட்டது. பாதித் தண்ணீர் ஓடையோடு போயிற்று.

மறுநாள் காலையில் கருப்பனைத் தண்டிக்க இரண்டு ஊரும் கரை மேல் கூடியது. இதற்குள் பாலசமுத்திரம் போய் வந்த ஒருவர், சர்வே ஜீப் வந்தது நிஜம்தான் என்று சொல்லியிருந்தார். அதனால் கோபம் குறையவில்லை. ஒருவர் மேல் ஒருவர் காட்ட முடியாமல் போன கோபம் எல்லாம் அவர் மேல் வந்தது. தலையில் கட்டோடு கருப்பன் வெயிலில் நின்றார். பக்கத்தில் மணியம்மா.

"ஒரு வருசத் தண்ணிய ஒரு நாள்ல தொலைச்சான்!"

"அம்மன் துணியைக் கொடியாக் கட்டினான்!"

"ஆடதி மதகைத் தொட்டுச்சு!" என்றார் பண்டப்பள்ளிக் கிழவர் ஒருவர். "பொம்பள தொட்டா!" என்று கண்டிகைக் கிழவர் அதையே தமிழில் சொல்லித் தலையாட்டினார்.

திட்டத் திட்ட, கருப்பன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று நாற்பது அடி விலகி நின்றவர்கள் இன்று தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து ஒரே ஆளைத் திட்டுகிறார்கள். ஒருவர் விட்ட வசவை மற்றவர் எடுத்து முடிக்கிறார். கண்ணில் நீர் கட்டியது.

அறுவடையில் அவருக்குச் சேர வேண்டிய நெற்கட்டுகள் இந்த வருஷம் கிடையாது என்று தீர்ப்பு ஆயிற்று. நீர்கட்டி வேலையும் இன்றோடு போயிற்று.

"சரி," என்றாள் மணியம்மா. "நீங்க நாயம் பேசிக்கினு இருங்க. தண்ணி போய்க்கினேதான் கீது. யாரு எறங்கி அடைக்கிறீங்க?"

கண்டிகைக்காரன் ஒருவன் எழுந்தான். "நுவ்வா? நீ எங்க மதகைத் தொடக் கூடாது" என்றது பண்டப்பள்ளி. பண்டப்பள்ளிக்காரன் ஒருவன் எழுந்தான். "ஒன் கையில குடுக்கறதுக்கா?" என்றது கண்டிகை. பழைய சத்தம் அடிவயிற்றில் தொடங்குவதைக் கருப்பன் கேட்டார்.

"நான் அடைக்கிறேன் சாமி," என்றார். "கூலி வாணாம். ஆனா தலைல காயம், மூழ்கி ஒருத்தனா அழுத்த முடியாது. இன்னும் ரெண்டு பேர் புடிக்கணும். அந்த ஊர்ல ஒருத்தர், இந்த ஊர்ல ஒருத்தர்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேரிக்காரனோடு தோள் உரச ஒரே தண்ணீரில் நிற்பதா? நேற்று வெட்ட வந்தவனோடு நிற்பதா? எது பெரிய கேவலம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கீழே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

முனிகிருஷ்ணன் எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்து சுலோசனாவிடம் எறிந்தார். யாரையும் பார்க்காமல், "எங்க மதகை மொதல்ல அடை" என்றார்.

கண்டிகைக் கூட்டம் திகைத்தது. முதலில் அடைபடும் மதகுக்குத்தான் நஷ்டம். மற்றதில் அதுவரை தண்ணீர் பாயும்.

கங்கையா எழுந்து சட்டையைக் கழற்றினார். அவர்தான் முதலில் தண்ணீரில் இறங்கினார்.

தெற்கு மதகின் தூணருகே மூவரும் மார்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். மரக்கட்டையைக் கருப்பன் நடுவில் பிடித்தார். இருவரும் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். அவர் தோள் இருவர் தோளிலும் பட்டது. யாரும் விலகவில்லை.

"நான் சொல்றப்ப மூச்சடக்கி அழுத்துங்க நைனா," என்றார் கருப்பன். "பாவாவும் நீங்களும் ஒண்ணா அழுத்தணும். ஒருத்தர் விட்டா கட்டை ரெண்டு பேர் கையயும் ஒடச்சிடும்."

"தெலுசுரா," என்றார் கங்கையா.

"தெரியும்டா," என்றார் முனிகிருஷ்ணன்.

மூவரும் மூழ்கினார்கள். கரை மேல் இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.